காதொலிக் கருவி வளர்ந்த வரலாறு



திருக்குறளில் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். படிப்பு வாசனை இல்லாதவன்கூட நல்லவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டால், தளர்ந்த நேரத்தில் அது கைத்தடியாக உதவும் என்று வள்ளுவர் அங்கே எடுத்துரைக்கிறார். அத்தனை சிறப்புள்ள காதை நாம் இன்று எதனிடம் ஒப்படைத்திருக்கிறோம்? ஹெட்போன் என்னும் காதொலிக் கருவியிடம்தான். பிள்ளைகள் பாடம் கேட்பதும் அதில்தான், பாட்டுக் கேட்பதும் அதில்தான். வேலை முடிந்து வந்து வாசலில் உட்காரும் பெரியவர்களும் இப்போது அதை மாட்டிக்கொண்டு பழைய பாட்டுக் கேட்கிறார்கள்.

புதிதாக ஒன்று வாங்கி வந்தால் வீட்டில் ஒரு பேச்சு எழும். "இவ்வளவு காசு கொடுத்தும் சத்தம் நல்லா இல்லையே?" என்பார் அப்பா. "புதுசுங்க, இன்னும் பழகல. கொஞ்ச நாள் ஓட விடுங்க, தன்னால சரியாப் போயிடும்" என்பார் விற்றவர். மூன்றாமவர் ஒருவர் வந்து, "இதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கணும், இல்லேன்னா வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவார். இதில் எது உண்மை, எது வியாபாரப் பேச்சு? இந்தக் கருவி வந்த வழியைத் தெரிந்துகொண்டால் பதில் தானே கிடைத்துவிடும். ஆகவே வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

தொலைபேசியின் பிள்ளை

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். ஹெட்போன் அந்தத் தொலைபேசியின் பிள்ளைதான். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியாளருக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். கையில் கருவியைப் பிடித்துக்கொண்டே எப்படி வேலை செய்வது? அதனால் 1880களில் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியைச் செய்தார்கள். தோள் நோகும் அளவுக்கு அது கனமாக இருந்தது.

1881இல் பாரிஸ் மாநகரில் மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. கிளெமென்ட் அதேர் என்னும் பொறியாளர் நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, அங்கிருந்து பொருட்காட்சிக்குக் கம்பி இழுத்தார். வந்தவர்கள் ஒவ்வொரு காதிலும் ஒரு கருவியை வைத்துப் பாட்டைக் கேட்டார்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலமாக நடப்பதும் காதிலேயே தெரிந்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் விக்டர் ஹியூகோவும் அவ்வாண்டு அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் ஒருவர்.

சமையலறையில் செய்த கருவி

தலையில் மாட்டும் ஹெட்போனுக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்டுவின். 1910இல் தாம் செய்த ஒரு ஜோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையினர் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் வைத்திருந்ததைவிட மிக நன்றாக இருந்தது. "நிறைய வேண்டும், அனுப்புங்கள்" என்றார்கள். அவரிடம் ஏது தொழிற்சாலை? வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தம்மால் முடியாது என்று பதில் எழுதினார். மாணவர்களே, பெரிய காரியம் செய்யப் பெரிய கட்டடம் வேண்டும் என்று யார் சொன்னது?

அந்தக் காலத்தில் காதில் மாட்டும் கருவி வெறும் பொழுதுபோக்குச் சாமான் அல்ல. 1912 ஏப்ரல் 15ஆம் நாள் அதிகாலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. கார்பேதியா என்னும் கப்பலின் தந்தி ஊழியர் ஹரோல்ட் காட்டம் படுக்கைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். ஆனால் காதிலிருந்து கருவியை இன்னும் கழற்றவில்லை. அதனால்தான் அபயக்குரல் அவர் காதில் விழுந்தது. கார்பேதியா விரைந்து சென்று 700க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியது. சற்று முன்னதாக அதைக் கழற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

துணைக்கு வந்த ஆம்ப்ளிபயர்

கம்பி நீளமானால் குரல் தேய்ந்து போகும். தேய்ந்த குரலுக்கு மறுபடி உயிர் கொடுக்க ஏதாவது வேண்டுமே! 1906இல் லீ டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர் 'ஆடியான்' என்ற கண்ணாடிக் குமிழைச் செய்தார. நம் பெரியவர்கள் பழைய ரேடியோவில் பார்த்த 'வால்வு' இருக்கிறதே, அதன் மூதாதை இதுதான். சின்ன மின்னோட்டத்தைப் பெரிதாக்கும் வித்தை அதில் இருந்தது. மற்ற அறிஞர்கள் அதை மேலும் திருத்தினார்கள். 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, அமெரிக்கக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, தொலைபேசியில் பேச முடிந்தது. வழியில் குரலைத் தூக்கிவிட்டது வால்வு ஆம்ப்ளிபயர்தான்.

எல்லார் வீட்டிலும் ஆம்ப்ளிபயர் வாங்க முடியுமா? 1922இல் பிரிட்டனில் பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ஏழை எளியவர்கள் 'கிரிஸ்டல் செட்' என்னும் சிறு பெட்டியில் கேட்டார்கள். அதற்கு மின்சாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை. வானலையில் வரும் துளி சக்தியைக் கொண்டே ஹெட்போன் பேச வேண்டும். அதனால் முடிபோன்ற மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, 2,000 ஓம், 4,000 ஓம் என்ற அளவில் ஹெட்போன் செய்தார்கள். குடும்பத்தில் பலர் கேட்க வேண்டுமானால் அதை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்துச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். கிண்ணமே அவர்களுக்கு ஆம்ப்ளிபயர்!

பெர்லினில் 1924இல் தொழில் தொடங்கிய ஓய்கன் பேயரின் நிறுவனம் 1937இல் டிடி 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. காந்தத்துக்கு நடுவே சிறு கம்பிச் சுருள் அசைய, அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் அசைந்து ஒலி எழுப்பும் முறை அது. இன்று நாம் வாங்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

பத்துப் பொருத்தம்

இப்போது பாருங்கள், ஹெட்போன் எந்தக் காலத்திலும் தனியாக இருந்ததில்லை. கம்பிக்கோ, கிரிஸ்டலுக்கோ, வால்வுக்கோ ஏற்றபடிதான் அதைச் செய்தார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்ப்பதுபோல இதற்கும் பொருத்தம் உண்டு. அதில் முக்கியமானது 'மின்மறுப்பு'. ஓம் என்ற அளவில் அட்டைப் பெட்டியின் மேலேயே போட்டிருப்பார்கள்.

மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட் என்பது தொட்டியின் உயரம். ஓம் என்பது குழாய் எவ்வளவு குறுகல் என்பது. குழாய் குறுகலானால் தொட்டி உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் போட்டுப் பாருங்கள்: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வரும். ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் போகும். அதே ஒரு வோல்ட்டில் 600 ஓம் ஹெட்போனுக்கு 2 மில்லிவாட்கூடப் போகாது. ஒலிப்பதிவு நிலையங்களுக்காகச் செய்த 250 ஓம், 600 ஓம் ஹெட்போன்களைக் கைப்பேசியில் செருகினால் சத்தம் மெலிந்து கேட்பது பெரும்பாலும் இதனால்தான். அதற்குத்தான் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும். கைப்பேசிக்கென்றே செய்த 16 ஓம், 32 ஓம் ஹெட்போனுக்குப் பெரும்பாலும் அந்தச் செலவு தேவையில்லை. கம்பியில்லாத ஹெட்போனுக்குள் ஆம்ப்ளிபயரும் சேர்ந்தே இருக்கிறது. செய்தவரே பொருத்தம் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஓம் மட்டும் பார்த்தாலும் போதாது. கொடுத்த சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லார் காதுக்கும் வந்த காலம்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேறும் வால்வின் வேலையை நகம் அளவுப் பொருள் செய்யத் தொடங்கியது. 1958இல் ஜான் காஸ் என்பவர் மில்வாக்கி நகரில் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். கையடக்க இசைத்தட்டுப் பெட்டியை விற்கத்தான் அதைத் துணையாகக் கொண்டுபோனார். மக்களோ பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடித்துக்கொண்டார்கள். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம், மஞ்சள் பஞ்சு வைத்த எச்டி 414ஐக் கொண்டு வந்தது. அதன் மின்மறுப்பு 2,000 ஓம். 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனி வாக்மன் விற்பனைக்கு வந்தது. அதோடு வந்த ஹெட்போனின் எடை 45 கிராம். தோளில் சுமந்தது போய், தலையில் இருப்பதே தெரியாத காலம் வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. உலகம் பாட்டுக் கேட்கும் பெட்டிகளுக்கு உள்ளே இருக்கும் சில்லுகளைச் செய்த கைகளில், தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன நம் பெண்களின் கைகளும் உண்டு.

பழகுவது எது?

இனி அந்தப் 'பழகல' என்ற பேச்சுக்கு வருவோம். புதுச் செருப்பு காலைக் கடிக்கும், நாலு நாள் போட்டால் பழகிவிடும். ஹெட்போனும் அப்படியா? வாங்கியதும் 200 மணி நேரம் பாட்டையோ இரைச்சலையோ ஓடவிட வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். 200 மணி என்றால் இரவு பகலாக 8 நாள் 8 மணி நேரம்!

கருவிகளைக் கொண்டு முன்னும் பின்னும் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. சவ்வில் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் மிக மிகச் சிறிது. ஹெட்போனைக் காதில் சற்று நகர்த்தி வைத்தாலே அதைவிடப் பெரிய வேறுபாடு தெரியும். ஆனால் நாளாக ஆகக் காதுப் பஞ்சு நெகிழ்கிறது. காதோடு நன்றாகப் படிகிறது. அதனால் ஒலி சற்று மாறுவது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, நம் மூளை அந்த ஒலிக்குப் பழகிக்கொள்கிறது. புது ஊருக்குக் குடிபோனால் முதல் வாரம் எல்லாம் வேறாகத் தெரிகிறதல்லவா, அதுபோல.

ஆகவே பெற்றோர்களே, முதல் நாளே காதுக்கு ஒவ்வாத ஹெட்போனை, "பழகட்டும்" என்று பெட்டியில் வைத்துக் காத்திருக்காதீர்கள். நீங்கள் காத்திருக்கும் நாளில், மாற்றித் தரும் தவணை முடிந்துவிடும். வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளி அது. கடையிலேயே மாட்டிப் பாருங்கள், உங்கள் கைப்பேசியிலேயே செருகிக் கேளுங்கள், பெட்டியின் மேல் ஓம் எவ்வளவு என்று பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மாற்ற முடியாத கருவி

ஹெட்போன் கெட்டால் வேறு வாங்கலாம். ஆம்ப்ளிபயர் கெட்டால் பழுது பார்க்கலாம். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 உண்டு. அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு அதே 40 மணிக்கு 75 டெசிபல் என்றும் எல்லை வகுத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பெரியவர்களுக்கு 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணிதான். நல்ல ஆம்ப்ளிபயர் கையில் இருக்கிறது என்று முடுக்கித் திருகினால் கெடுவது கருவி அல்ல, காது.

உழைப்பாளத் தோழர்களுக்கும் ஒரு சொல். நாள் முழுதும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் ஆலை இரைச்சலோடும் இருப்பவர்களின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். வேலையிடத்து இரைச்சலுக்கு நம் நாட்டில் 2019 முதல் தனி விதிமுறை இருக்கிறது. எல்லை மீறிய இரைச்சலில் காதுக் காப்பு கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவச் செல்வங்களே, சத்தத்தை முழு அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். அம்மா கூப்பிடுவது கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று பொருள். கழற்றிய பின் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை மணி. ஆசிரியர் சொல்லும் பாடமும், பெற்றோர் சொல்லும் புத்திமதியும், நாளை உங்கள் பிள்ளைகள் பேசப்போகும் மழலையும் வந்து சேர வேண்டிய வாசல் அந்தக் காது. அதைக் காத்துக்கொள்ளுங்கள், கல்வியும் வாழ்வும் ஓங்கட்டும்!