மெத்தை வாங்கப் போறீங்களா? கையால அமுக்கிப் பார்த்தா மட்டும் போதாது!

காலையில எழுந்ததும் இடுப்பு பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம் நடமாடினதும் சரியாகிடுதா? மெத்தை மேலயும் ஒரு சந்தேகம் வைங்க.

புதுசு வாங்கும்போது, வீட்ல தூங்குற மாதிரியே கடையில 10 நிமிஷமாவது படுத்துப் பாருங்க. மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை விடுங்க. தாராளமா இடைவெளி இருந்தா மெத்தை ரொம்பக் கடினம்; கையே நுழையலைன்னா ரொம்ப மென்மை. ஒருக்களிச்சுப் படுக்குறவங்களுக்குத் தோளும் இடுப்பும் லேசா அமுங்கி, முதுகெலும்பு நேரா இருக்கணும்.

ஃபோம் மெத்தைன்னா டென்சிட்டியைக் கேளுங்க. ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிற கணக்கு அது. ஒரே வகை ஃபோம்ல இது அதிகமா இருந்தா, பள்ளம் விழ நாளாகும். இலவம்பஞ்சுன்னா அப்பப்போ வெயில்ல காய வைக்கணும்.

வாரன்ட்டியில வருஷத்தை மட்டும் பார்க்காதீங்க. எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தா மாத்தித் தருவாங்கன்னும் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க.