குவாசர் காற்றின் வடிவம் என்ன?

ஊவாவின் மலைப்பாதைகளில், கொஸ்லந்தை, மீரியபெத்த பக்கங்களில் மூடுபனி இறங்கும் வேளையில், எதிரே வரும் லொறியின் விளக்கு மங்கலாகத் தெரிவதுண்டு. பனி அந்த வளைவில் மட்டும் நிற்கின்றதா, மலை முழுவதையும் மூடியுள்ளதா என்பதை நின்ற இடத்திலிருந்தே கூறிவிட முடியாது. குவாசர்களிலிருந்து வெளியேறும் வாயுவை ஆராய்வோரின் சிக்கலும் இதுவேயாகும்.

தொலைதூர அண்டமொன்றின் மையத்திலுள்ள கருந்துளையில் வாயு விழும்போது எழும் பேரொளியே குவாசர். 3சி 273 எனும் பொருள் மிகத் தொலைவிலுள்ளது என்பதை 1963 இல் மார்ட்டின் ஷ்மிட் கண்டறிந்ததுடன் இத்துறை ஆரம்பமாயிற்று. விழும் வாயுவில் ஒரு பகுதி வெளியே வீசப்படுகின்றது. எம்மை நோக்கி வரும் அவ்வாயு, நிறமாலையில் நீலப்பக்கமாக நகர்ந்த அகன்ற இருட்பட்டைகளை ஏற்படுத்துகின்றது. சிலவற்றில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பத்திலொரு பங்கை எட்டுகின்றது.

இத்தகைய பட்டைகள் ஏறத்தாழ 15 சதவீதமான குவாசர்களிலேயே காணப்படுகின்றன. எல்லாக் குவாசர்களிலும் காற்று வீசி, அது வானின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கின்றதா? அன்றி, ஒவ்வொரு குவாசரும் தன் ஆயுளில் சிறிது காலம் மட்டும் வாயுவால் போர்த்தப்பட்டிருக்கின்றதா? சுழலும் வட்டிலிருந்து எழும் காற்று புனல் வடிவில் விரிகின்றது என 2000 ஆம் ஆண்டு மார்ட்டின் எல்விஸ் முன்வைத்த மாதிரி முதலாவது விளக்கத்தைச் சார்ந்தது. அப்படம் முடிந்த முடிவுபோல் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆனால் வட்டின் அச்சை ஒட்டிய திசையிலும் வாயு வெளியேறுவதை வானொலி அவதானிப்புகள் சில உணர்த்துவதால், அம்முடிவு அவசரமானதென்றே நாம் கருதுகின்றோம்.

வடிவம் தெரியாமல் வெளியேறும் வாயுவின் அளவைக் கணிக்க இயலாது. அண்டத்தில் புதிய விண்மீன்கள் பிறப்பதைத் தடுக்க அக்காற்று போதுமா என்ற கேள்வியும் அந்த அளவிலேயே தங்கியுள்ளது. பட்டையின் ஆழத்தையும் அப்படியே நம்பவியலாது. வாயுத்திரளின் ஓரமாகக் கசியும் ஒளி அதனைக் குறைத்துக் காட்டிவிடும்.

எஞ்சிய வழி காத்திருந்து பார்ப்பதே. புனே ஐயூக்கா நிறுவனத்தின் கிராவலி 2 மீற்றர் தொலைநோக்கியைக் கொண்டு விவேக், ஸ்ரீஆனந்த் முதலியோர் இவ்வகைக் குவாசர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்தனர். 2012 இல் வெளியான அவர்களது ஆய்வொன்றில், ஒரு குவாசரில் ஒரு பட்டை மங்க, வேறொரு வேகத்தில் மற்றொன்று தோன்றியது. எமது பார்வைக்கோட்டைக் குறுக்கே கடக்கும் வாயுத்திரள்களே இதற்குக் காரணமாகலாம். எத்தனை காலத்தில் கடக்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் தூரத்தை மதிப்பிடலாம். நாம் நிற்கும் இடம் மாறாவிடினும் பனி நகர்கின்றதே.