குடும்பச் சிகிச்சையும் ஒரு நாடகப் பிரதியும்

உளமருத்துவர் நாடகத்தை நாடியமை புதிதன்று. ஈடிப்பஸ் மன்னனின் கதையிலிருந்து சிக்மண்ட் பிராய்ட் தம் கோட்பாடொன்றிற்குப் பெயர் பெற்றமை யாவரும் அறிந்ததே. ஆயின் அங்கு ஆராயப்பட்டது தனியொருவரின் மனம். குடும்பத்தில் இருவருக்கிடையே நிகழ்வதனை அறிய நாடகத்தைத் துணைக்கொண்டோர் பின்வந்தவர்கள்.

கலிபோர்னியாவின் பாலோ அல்ரோ நகரில் ஆய்வு நிகழ்த்திய போல் வட்ஸ்லாவிக், ஜனற் பீவின், டொன் ஜாக்சன் ஆகியோர், மனிதத் தொடர்பாடல் பற்றி 1967இல் வெளியிட்ட நூலில் ஓர் அதிகாரத்தை எட்வேர்ட் அல்பீயின் 'வேர்ஜீனியா வூல்புக்கு யார் அஞ்சுவர்?' என்னும் நாடகத்திற்கே ஒதுக்கினர். 1962 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் அரங்கேறிய நாடகம் அது. மெய்யான குடும்பங்களை நேரிற் கண்ட மருத்துவர்கள் கற்பனைக் குடும்பமொன்றை நாடியது ஏன்? மெய்யுரையாடல் அளவின்றி நீள்வது. நாடகமோ எல்லைக்குட்பட்டது, எவரும் வாசித்துச் சரிபார்க்கக்கூடியது.

கல்லூரியொன்றில் வரலாறு கற்பிக்கும் ஜோர்ஜும், அக்கல்லூரித் தலைவரின் மகளான அவன் மனைவி மார்த்தாவும், நள்ளிரவின் பின் விருந்தினராக வந்த இளந்தம்பதியர் முன்னிலையில் ஒருவரையொருவர் சொல்லால் வதைக்கின்றனர். அவள் இகழ்வாள், அவன் அதனினும் கூரிய சொல்லால் திருப்புவான். தான் செய்வது மறுமொழி மட்டுமே, தொடக்கியது மற்றவரே என்பது இருவர் கட்சியும். நாம் முதலில் மார்த்தாவைக் குற்றஞ்சாட்டுவோம், பின்னர் ஜோர்ஜை, ஈற்றில் தீர்ப்புக் கூறும் ஆவலே தளர்ந்துவிடும்.

அச்சண்டைக்கும் விதியுண்டு. இருவரும் சேர்ந்து புனைந்த இல்லாத மகனொருவனைப் பற்றிப் பிறரிடம் பேசலாகாது. மார்த்தா அதனை மீறியதும், அம்மகன் இறந்துவிட்டானென ஜோர்ஜ் அறிவிக்கின்றான். வெறும் பகையெனத் தோன்றியது இருவரும் கூடிக் காத்த ஓர் ஒழுங்கு என்பது அப்போதே புலனாகின்றது.

அக்கால உளமருத்துவத்திற்கு இஃது அற்பமான பாடமன்று. உளச்சிதைவு நோய்க்குத் தாயே காரணி என்னும் கருத்து, 1948இல் பிரீடா புரொம்-றைக்மன் எழுதிய கட்டுரையின் பின் பரவியிருந்தது. பிள்ளையின் நோயோடு பழியையும் சுமந்த அன்னையர் பலர். ஜாக்சனும் பங்குகொண்ட கிரெகரி பேற்சன் குழுவினர் 1956இல் முன்வைத்த 'இரட்டைப் பிணிப்பு'க் கொள்கையும் அப்பழியினின்று முற்றாக விடுபடவில்லை. குடும்ப உரையாடலே அந்நோயை விளைவிக்கின்றது என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவவுமில்லை. காரணி யாரெனச் சொல்ல மறுத்த அல்பீ, இவ்வகையில் மருத்துவரினும் நிதானமுடையவர் என்பேன்.

ஆயினும், ஜோர்ஜ், மார்த்தா இருவரின் சொற்களையும் எழுதியது ஒரே கை. சிகிச்சைக்கு வரும் குடும்பத்திற்கு அத்தகைய ஆசிரியர் எவருமிலர். பார்வையாளர்போல் இருளில் ஒதுங்கியிருக்கவும் சிகிச்சையாளரால் இயலாது. நாடகத்தில் அவரது நிலைக்கு அண்மையில் நிற்போர் விருந்தினரான நிக்கும் ஹனியுமே. பிறர் சண்டையை ஓரமாயிருந்து கேட்கத் தொடங்கிய அவர்கள், சிறிது சிறிதாக அதனுள் இழுக்கப்பட்டு, தம் இல்லறத்தின் மறைபொருளும் வெளிப்பட்ட நிலையிலேயே விடியற்காலையில் வீடு திரும்புகின்றனர்.