தலைப்பாகையும் செருப்பும்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எந்த இடத்துக்கு எதை உடுத்திக்கொண்டு போவது என்றே தெரியவில்லை" என்று குறைப்பட்டுக் கொள்ளாத பெரியவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. திண்டுக்கல் கல்யாண மண்டபங்களில் பந்திக்குக் காத்திருக்கும் வேளையில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். முகூர்த்தத்துக்குக் கிழிந்த ஜீன்ஸோடு வந்து நிற்கும் ஒரு பையன் கண்ணில் பட வேண்டியதுதான் பாக்கி. குறை சொல்லுகிறவர் அநேகமாகக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் அணிந்தவராக இருப்பார். அவருடைய கொள்ளுத்தாத்தா எழுந்து வந்து அவரைப் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று நான் யோசிப்பதுண்டு. "ஏனப்பா, நாலு பேர் கூடிய சபைக்கு வெறுந்தலையோடா வந்தாய்?" என்று கேட்டாலும் கேட்பார்.

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சில்லறை வேலை உண்டு. பாத்திரங்களுக்கெல்லாம் அவனே உடை உடுத்திவிட வேண்டும். 1930-ஆம் வருஷத்தில் நடக்கும் கதையில் ஒருவனைச் சட்டை போட்டுத் தெருவில் நடக்க விடுவதற்கு முன்னால், அந்தத் தெருவில் அவன் சட்டை போடலாமா என்று விசாரித்தாக வேண்டியிருக்கிறது. அந்த விசாரணையில் கிடைத்தவற்றில் சிலவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தலையிலிருந்தே தொடங்கலாம். 1957-இல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பா கட்டியிருப்பார். அதனால் ஜனங்கள் கடையின் பெயரை மறந்துவிட்டுத் 'தலப்பாகட்டி' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் இன்று கடல் கடந்தும் போய்விட்டது. பிரியாணியின் ருசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ருசித்தது அந்தப் பெயர்தான். அதற்கு அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால், 'அதோ அந்தத் தலைப்பாக்காரர்' என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் யாரென்று விளங்கியிராது. வக்கீல், குமாஸ்தா, வாத்தியார், மிராசுதார் எல்லாருமே தலைப்பாக்காரர்கள்தாம். உ. வே. சாமிநாதையரின் படங்களைப் பாருங்கள், தெரியும். 1957-க்குள் தலைப்பாகை ஒருவருக்குப் பட்டப்பெயராகும் அளவுக்கு அபூர்வமாகிவிட்டது. சபை உடை என்பது இப்படித்தான் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. அது செத்ததற்காக இன்றைய பெரியவர்கள் யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை.

தலைக்கும் காலுக்கும் நம்மவர் வைத்திருந்த இலக்கணமும் வெள்ளைக்காரர் வைத்திருந்த இலக்கணமும் நேர் எதிரானவை. வெள்ளைக்காரன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவான். பூட்ஸைக் கழற்ற மாட்டான். நம்மவர் மரியாதைக்குச் செருப்பைக் கழற்றுவார். தலைப்பாகையைக் கழற்ற மாட்டார். ஒருவன் மரியாதை மற்றவனுக்கு அவமரியாதை! இந்தச் சங்கடம் கச்சேரிகளிலும் தர்பார்களிலும் எத்தனையோ காலம் புகைந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய முறைப் பூட்ஸும் காலுறையும் அணிந்த இந்தியர்கள் அவற்றோடே உள்ளே வரலாம், நாட்டுச் செருப்பானால் கழற்றிவிட்டு வர வேண்டும் என்று 1868-இல் சர்க்கார் தீர்ப்புச் சொல்லிற்று. மாட்டுத் தோல் இரண்டிலும் ஒன்றுதான். தைத்த மாதிரிதான் வேறு.

இந்தத் தலைச் சங்கதி ஒரு முறை ரத்தத்திலேயே முடிந்திருக்கிறது. திண்டுக்கல்லில் நடுவூரில் நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டை ஒரு காலத்தில் ஹைதரும் திப்புவும் ஆண்டது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தச் சீமையைக் கும்பினிக்குக் கொடுக்க நேர்ந்தது. 1799-இல் அவர் போரில் மாண்டபின் அவருடைய குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கோட்டையில் இருந்த சிப்பாய்களுக்குத்தான் புது உடை உத்தரவு வந்தது. நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. பழைய தலைப்பாகைக்குப் பதில் தோலாலான குஞ்சம் வைத்த புதுத் தலையணி. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன்னே வெடித்த புரட்சியில் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையரும் அதைவிடப் பல மடங்கு சிப்பாய்களும் மாண்டார்கள். தலைப்பாகை மட்டுமே காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இப்போது காந்தியடிகளிடம் வருவோம். 1893-இல் டர்பன் நகரத்து நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் அவரைத் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். அவர் எடுக்காமல் வெளியேறிவிட்டார். மறு வருஷம் நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட அன்று பிரதம நீதிபதி அதையே கேட்டபோது எடுத்துவிட்டார். சண்டை போடுவதற்கு இதைவிடப் பெரிய காரியங்கள் காத்திருக்கின்றன என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் அந்நியத் துணி உடுத்திய ஜனங்களைப் பார்த்துக் கதர் கட்டச் சொன்னார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லையே என்று அவர்கள் தலையசைத்துவிட்டார்கள். சென்னை–மதுரை இருப்புப்பாதை திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போகிறது. இந்தச் சமவெளியின் ஏழைகளும் அந்தப் பேச்சில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி. 22-ஆம் தேதி மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தபோது சட்டையும் குல்லாயும் இல்லை. அரையில் முழத்துண்டு மட்டுமே இருந்தது.

இதை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நாம் படிக்காத மற்றொன்று உண்டு. அதிலிருந்து ஒன்பதே வருஷம் கழித்து, 1930 டிசம்பரில், பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மூடக் கூடாது. பூச்சூடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் எட்டு, பதினொன்றாயிற்று. இவையெல்லாம் அந்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு அறிக்கையிலேயே அச்சாகியிருக்கின்றன.

இந்தப் பட்டியலைக் காட்டிலும் நுணுக்கமான உடை விதியை எந்தக் கிளப்பும் எழுதியதில்லை. இதைப் படித்த பிறகு முழத்துண்டின் கதை எனக்கு வேறு விதமாகத் தெரிய ஆரம்பித்தது. சட்டையைக் கழற்றுவதற்கு முதலில் சட்டை போட உரிமை இருக்க வேண்டுமல்லவா? 1931-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் முழத்துண்டோடும் போர்வையோடும் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே நுழைந்து மன்னரைப் பார்த்தார். மற்றவர் டாக்டர் அம்பேத்கர். மடிப்புக் கலையாத கோட்டும் சூட்டும் டையும். இருவரும் உடையால் பேசினார்கள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமங்களில் நீலக் கோட்டோடு நிற்கும் அம்பேத்கர் சிலையைப் பார்த்து, 'இந்த வெயிலில் கோட்டு எதற்கு?' என்று வேடிக்கையாகக் கேட்கிறவர்கள் உண்டு. மேலே சொன்ன எட்டையும் அவர்கள் ஒரு தடவை படிக்கட்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகாவது குழப்பம் தீர்ந்ததா? 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்து கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு, அப்போது உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த ஹரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியில் கறுப்புக் கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டலாம் என்றே இருக்கிறது. நீதிமன்றத்துக்குள் வரலாம் என்ற வேட்டி கிளப்புக்குள் போக முடியவில்லை! சட்டசபை அடுத்த மாதமே சட்டம் இயற்றிற்று: வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

அடுத்த வருஷமே காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் என்னென்ன உடுத்தலாம் என்று 2015 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு பட்டியல் கொடுத்தது. 2016 புத்தாண்டு முதல் அமல். பழனி மலைக்கோயிலில் கைலி, அரைக்கால் சட்டை, ஜீன்ஸ், இறுக்கமான லெக்கின்ஸ் வேண்டாம் என்று பலகை வைத்தார்கள். அந்த ஜனவரியிலேயே மேல் அமர்வு தடை கொடுத்துவிட்டது. பழனியாண்டவரோ கோவணாண்டி! விடியலில் ஆண்டிக் கோலம், சாயந்திரம் ராஜ அலங்காரம் என்று வேளைக்கு ஒரு வேஷம் பூண்டு, எல்லாவற்றிலும் தாமேயாக நிற்கிறார். 2019-இல் தலைமைச் செயலக ஊழியருக்கு வந்த உத்தரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புடவை, சல்வார், சுடிதாரானால் துப்பட்டா. ஆண்களுக்குக் கால்சட்டையும் சட்டையும், அல்லது தமிழ்ப் பண்பாட்டு வேட்டி. பேகம்பூர்த் தோல் ஷாப்புத் தொழிலாளியும் பூட்டுப் பட்டறைக்காரரும் நாள் முழுதும் கட்டிப் பாடுபடும் கைலிக்கு மட்டும் எந்த வாசலிலும் இடமில்லை.

இத்தனை வாசல்களையும் ஒரே வாரத்தில் கடக்கிறவர்கள் யார்? இளைஞர்கள்தாம். கல்லூரியில் சட்டையை உள்ளே விட்டுக் கழுத்தில் அடையாள அட்டை மாட்ட வேண்டும். பெண்ணானால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊசி குத்திக்கொள்ள வேண்டும். காலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, மாலை வரவேற்புக்குக் கோட்டு. அந்த வேட்டிக்கும் இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டை வந்துவிட்டது. இடுப்பில் நிற்காதென்ற பயமில்லை. அவர்களுக்கு உடை விதி புரியவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. எந்த விதிக்கு எவ்வளவு மதிப்பு என்று அவர்கள் நம்மைவிட நன்றாக எடை போட்டு வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஜீன்ஸில் வருகிற அதே பையன் வேலைக்கான நேர்முகத்துக்கு அப்படிப் போவதில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் என்னைப் பார்க்க வந்திருந்தான். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் மறுநாள் நேர்முகம். அவனுடைய தாத்தா ஊர்ப் பெரிய தெருவில் நுழையும்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வாராம். சிறு வயதில் அதைப் பார்த்திருக்கிறேன் என்றான். குரலில் கோபமில்லை, ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னான். பையில் நண்பனிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு இருந்தது. தோளில் கொஞ்சம் பெரிது. டை கட்டுவதைக் கைப்பேசியில் படம் பார்த்துப் பழகியிருந்தான்.

"டையில ஊக்கு மாட்டணுமா சார்? வேண்டாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். கோட்டை மடித்து வைத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.