மாலிப்டினம் டைசல்பைடு (வினையூக்கி)

கிராஃபீனைப் போலவே தாள் தாளாகப் பிரியக்கூடிய இருபரிமாண நானோபொருள். இரண்டு கந்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு மாலிப்டின அடுக்கு கொண்டது ஒரு தாள். தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். மசகுப் பொருளாகவும், பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் வினையூக்கியாகவும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதில், விலைமிக்க பிளாட்டினத்துக்கு மாற்றாக இது தீவிரமாக ஆராயப்படுவது இந்த நூற்றாண்டில்தான்.

தாளின் பரந்த முகப்பு இவ்வினையில் ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. வேலை நடப்பது ஓரத்தில். வினைவேகம் பரப்பளவுக்கு அல்ல, ஓர நீளத்துக்கே நேர்விகிதம் என்று 2007இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் சோதனை வழியே காட்டினர். எனவே தாளைச் சிறு துண்டுகளாக்குவது, செங்குத்தாக வளர்ப்பது போன்ற உத்திகள் முதலில் வந்தன. பிறகு முகப்பையே வேலைக்கு இழுக்கும் முயற்சி, சற்றுத் துணிச்சலானது. கந்தக அணுக்கள் சிலவற்றை அகற்றினால், வெளிப்படும் மாலிப்டினத்தில் ஹைட்ரஜன் ஒட்டும். தாளை இழுத்து விறைப்பாக்கி அந்தப் பிணைப்பின் வலிமையைச் சீராக்கலாம். லித்தியத்தை அடுக்குகளுக்கு இடையே நுழைத்து, குறைகடத்திக் கட்டத்தை உலோகத் தன்மையுள்ள கட்டமாக மாற்றுவதும் நல்ல பலன் தருகிறது. ஆனால் அக்கட்டம் நிலையற்றது. சூடேறினால் பழைய வடிவுக்கே திரும்பிவிடும்.