கல்லூரியில் ஜப்பான் மொழி எடுக்கப் போறீங்களா? வகுப்பில் என்ன நடக்கும், வேலைக்கு அது போதுமா?

தமிழ்நாட்டில் பல பொறியியல் கல்லூரிகளில் ஜெர்மன், பிரெஞ்சு வரிசையில் ஜப்பானிய மொழியும் விருப்பப் பாடமாக இருக்கிறது. "ஜப்பான்ல வேலை கிடைக்கும்" என்று சீனியர் சொன்னதை நம்பிச் சேருபவர்கள் உண்டு. அனிமே பார்த்து ஆசைப்பட்டுச் சேருபவர்களும் உண்டு. சரி, ஒரு செமஸ்டர் படித்தால் எதுவரை போக முடியும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாரம் 3 மணி நேரம், 15 வாரம் என்று வைத்தால் மொத்தம் 45 மணி நேரம். ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜேஎல்பிடி தேர்வில் 5 நிலைகள். என்5 தொடக்க நிலை, என்1 கடைசி நிலை. 2010-க்கு முன்பிருந்த பழைய தேர்வு முறையில், தொடக்க நிலைக்கே சுமார் 150 மணி நேரம், அதற்கு அடுத்ததுக்கு 300 மணி நேரம் படிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் கல்லூரி வகுப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தை நீங்கள்தான் வீட்டில் படிக்கணும்.

முதல் சில வாரம் எழுத்துதான்

ஹிரகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. ஜப்பானியச் சொற்களுக்கும் இலக்கண உருபுகளுக்கும் ஹிரகானா, கம்ப்யூட்டர் போன்ற வெளிநாட்டுச் சொற்களுக்குக் கதகானா. வரிசை 'அ, இ, உ, எ, ஒ' என்று உயிரெழுத்தில் தொடங்கி 'க, ச, த, ந' என்று போகும். கேட்ட மாதிரி இருக்கா? இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன எழுத்து முறையின் தாக்கம் அது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு லாபம் என்ன?

வாக்கிய அமைப்பு. ஆங்கிலம் வழியாக யோசித்தால் ஜப்பானிய மொழி தலைகீழாகத் தெரியும். தமிழில் யோசித்தால் அப்படியே பொருந்தும். 'நான் கல்லூரிக்குப் போகிறேன்' என்பதில் வினை கடைசியில் வருகிறது, 'கு' உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஜப்பானிய மொழியிலும் இதே கதைதான். அதனால் ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கினாலும் மனசுக்குள் தமிழில் மாற்றிப் பாருங்கள்.

குறில் நெடில் வித்தியாசமும் நமக்குப் பழக்கம். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. கல், கால் என்று பேசி வளர்ந்த காதுக்கு இது கஷ்டமே இல்லை. ஆள்களை எண்ணும்போது ஒருவர், இருவர் என்று நாம் மாற்றிச் சொல்வதுபோல அங்கே 'ஹிதொரி', 'ஃபுதாரி'. ஆனால் பென்சில் போன்ற நீளமான பொருளுக்கு வேறு, தாளுக்கு வேறு என்று எண்ணும் முறை மாறிக்கொண்டே போகும். மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். சாவிக்கு ஒரு சொல், பெர்சிமன் பழத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'ககி'தான். வல்லோசையா மெல்லோசையா என்பது தமிழ் எழுத்தில் தெரியாது, அங்கே அதுதான் பொருளையே மாற்றும்.

எங்கே திணறுகிறார்கள்?

கான்ஜி. சீனாவிலிருந்து வந்த எழுத்துகள் இவை. என்5-க்குச் சுமார் 100, என்4-க்குச் சுமார் 300 தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் இருப்பவை 2,136. எண்ணிக்கையைவிட உச்சரிப்புதான் படுத்தும். மனிதனைக் குறிக்கும் ஒரே எழுத்து, தனியாக வந்தால் 'ஹிதோ', இந்தியர் என்று சொல்லும்போது 'ஜின்', மூன்று பேர் என்னும்போது 'நின்'.

இன்னொன்று வினைச்சொல்லின் 'தே' வடிவம். பல வகுப்புகளில் பயன்படுத்தும் 'மின்னா நோ நிஹொங்கோ' புத்தகத்தில் 14-ஆவது பாடத்தில் வரும். நம்ம ஊர் 'வந்து, போய், சாப்பிட்டு' மாதிரிதான் அதன் வேலை. ஆனால் அந்த வாரம் இரண்டு வகுப்பைக் கட் அடித்தால் பிறகு வரும் பாடங்கள் எதுவும் பிடிபடாது.

கிரெடிட் வேறு, சான்றிதழ் வேறு

செமஸ்டரில் நல்ல கிரேடு வாங்கினாலும் ஜேஎல்பிடி-யைத் தனியாகத்தான் எழுதணும். ஜூலை, டிசம்பரில் நடக்கும். சென்னையிலும் மையம் உண்டு. சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் செமஸ்டர் தொடங்கும்போதே தேதி பார்த்து வையுங்கள். என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19, மற்ற பகுதியில் 120-க்கு 38 தனித்தனியாக எடுத்திருக்கணும்.

இந்தத் தேர்வில் பேசவோ எழுதவோ வேண்டியதில்லை, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். சான்றிதழ் வைத்திருப்பவர் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் நிற்பது இதனால்தான். வகுப்பில் ஆசிரியர் திரும்பத் திரும்ப அறிமுகம் பேசச் சொல்லும்போது பின்வரிசையில் ஒளியாதீர்கள்.

வேலைக்கு என்5 போதுமா? போதாது. குறிப்பிட்ட துறைகளுக்கான திறன் தொழிலாளர் விசாவின் முதல் வகைக்கே பொதுவாக என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்ச்சியும், தொழில் திறன் தேர்வும் கேட்கிறார்கள். ஐடியில் ஜப்பானிய வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் வேலை என்றால் பொதுவாக என்3, என்2. இரண்டாம் ஆண்டில் தொடங்கி, செமஸ்டர் முடிந்த பிறகும் விடாமல் படித்தால் கடைசி ஆண்டுக்குள் என்4 எட்டக்கூடிய இலக்குதான். கடைசி ஆண்டில் முதன்முதலாக ஹிரகானா புத்தகத்தைத் திறப்பவர், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.