கடல் கடந்து வாங்கிய கப்பல்கள்

குன்னூரில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது எழுந்த ஒரு சர்ச்சையே இக்கட்டுரைக்குக் காரணம். மாமா தேயிலை வணிகத்தில் தலை நரைத்தவர். 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடந்துவரும் ஊரல்லவா குன்னூர்! அங்கே சரக்கு தரகர் வழியாகவே கைமாறுகிறது. ஏலத்திற்கு முன்னரே மாதிரி வந்துவிடும். வாங்குவோர் இலையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, சாயம் இறக்கிச் சுவைத்து, விலையை மனத்தில் முடிவு செய்துகொள்வர்.

"ஒரு கிண்ணம் சாயத்தில் நூறு மூட்டையின் குணம் தெரிந்துவிடும். கப்பலுக்கு மாதிரி ஏது தம்பி? அயல்நாட்டுத் தரகனை நம்பிக் கப்பல் வாங்கித்தான் சுதேசிக் கம்பெனி மூழ்கியது. பக்கீர் சேட்டின் இரண்டு லட்சமும் அதோடு போயிற்று" என்றார் மாமா.

அதை மறுக்க அப்போது நம்மிடம் விவரம் போதவில்லை. ஊர் திரும்பிய பின்னர் தேடிப் படித்தோம்.

சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16-இல் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதியை, தனி ஒருவராக ஏற்றவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள். வ.உ.சி. அவர்களின் பெயரை அறிந்த நம் பிள்ளைகளுள் இப்பெருமகனின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? பாடநூலில் அவருக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் வாடகைக்கு எடுத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் அவர்கள் பின்வாங்கவே, வ.உ.சி. இலங்கை சென்று வேறொரு கப்பலை அமர்த்தி வந்தார். வாடகைக் கப்பலை நம்பி நடத்தும் வணிகம் பிறர் தயவில் நிற்பது என்பது அப்போது விளங்கியது. புதுக்கப்பல் கட்டக் காத்திருக்க நேரமில்லை. ஆயத்தமாக நின்ற கப்பலே தேவை. கப்பலின்றித் திரும்புவதில்லை என்று சூளுரைத்து அவர் பம்பாய் சென்றார். 'காலியா' கம்பெனியின் உடைமையாயிற்று. 'லாவோ'வை வாங்க எஸ். வேதமூர்த்தி அவர்கள் பிரான்சுக்கே சென்றார். 1907-இல் இரண்டும் தூத்துக்குடி வந்தடைந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 சரக்கு மூட்டைகளையும் ஏற்றவல்லது.

மாமாவின் ஐயம் அடியோடு பிழையன்று. ஓடிய கப்பலை வாங்குவது எக்காலத்திலும் கவனம் வேண்டும் காரியமே. கொதிகலனில் அரிப்பு உண்டா, அடித்தகடு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைக் கப்பலை உலர்துறையில் ஏற்றித் தேர்ந்த சோதகரைக் கொண்டுதான் அறிய முடியும். பழைய கடன் ஏதும் அதன்மேல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, முன்னைய நாட்டுப் பதிவிலிருந்து நீக்கிய சான்றையும் பெற வேண்டும். இக்கால வழக்கில் விலையில் நூற்றுக்குப் பத்து முன்பணமாக ஒப்படைக்கப்படுகிறது. தரகருக்கு உரிய நூற்றுக்கு ஒன்றை விற்பவரே தருகிறார். கூலி விற்பவரிடமிருந்து வருகையில் தரகரின் நாவு எப்பக்கம் சாயும் என்பதை வணிகக் குடும்பத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

காணாப் பொருளை வாங்கியவர் கண்டபின் ஏற்கவோ தள்ளவோ உரிமையுடையவர் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்தோ, காணாப் பொருளின் விற்பனையே செல்லாது என்பது. பேராளர் ஒருவரைப் பிரான்சுக்கே அனுப்பிய கம்பெனியார்மீது இரு சாராரும் குறை காண இயலாது!

கம்பெனியை வீழ்த்தியது எது? போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசியார் எட்டணா ஆக்கினர். அவர்களோ இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தார்கள்! ஆழ்ந்த பணப்பை உடையவர் நட்டத்தைத் தாங்குவார். 25 ரூபாய்ப் பங்குகளால் எழுந்த கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார்.  அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. 'காலியா' பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே விற்கப்பட்டது. பழுதான கப்பலாக இருந்திருந்தால் பகைவர் எதற்கு வாங்க வேண்டும்?

இவற்றையெல்லாம் மாமாவுக்கு விரிவாக எழுதி அனுப்பினோம். கட்டணப் போட்டியை அவர் ஒப்புக்கொண்டார். பக்கீர் சேட் அவர்களுக்காக துஆவும் செய்ததாக எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் மட்டும் ஒரு வரி: "இருந்தாலும் அந்தப் பிரெஞ்சுத் தரகன் எவ்வளவு எடுத்தான் என்று பார்த்தீர்களா?"